ஆற்றில் விட்ட பெட்டிகள்

அன்புள்ள ஜமால்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உம்மாவுக்கு என் சலாம் சொல். இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பையன் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். வீட்டில் நானும் சரோஜாவும் டிவியும்தான்.

மூஸா நபியின் (பைபிளில் மோசே) கதையே மெசபொத்தேமியாவை ஆண்ட சார்கோன் என்ற ராஜாவின் கதையைக் காப்பியடித்ததுதான் என்று உன் மருமகன் ஏதோ வீடியோவைக் காட்டினானாமே? ஒற்றுமை இருப்பது உண்மைதான். சார்கோன் தானே பேசுவதுபோல் எழுதிய களிமண் பலகைகள் பழைய அசீரியத் தலைநகரான நினிவேயில் கிடைத்திருக்கின்றன. 'என் தாய் கோயில் பூசாரிணி, தகப்பன் யாரென்று அறியேன். என்னை ரகசியமாகப் பெற்று, நாணல் கூடையில் வைத்து, கீல் (தார்) பூசி மூடி ஆற்றில் விட்டாள். தண்ணீர் இறைக்கும் அக்கி என்னைத் தூக்கி வளர்த்தான்' என்று போகிறது. பைபிளிலும் நாணற்பெட்டி, கீல், ஆறு எல்லாம் உண்டு.

ஆனால் 'காப்பி' என்பதில்தான் சிக்கல். சார்கோன் வாழ்ந்தது கி.மு. 2300 வாக்கில். அந்தப் பலகைகளோ கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நடுவில் சுமார் 1600 வருஷம்! கி.மு. 722 முதல் 705 வரை அசீரியாவை ஆண்டவனும் அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டான். அவன் பெருமைக்காகப் பழைய சார்கோனின் கதை அப்போதுதான் இந்த வடிவத்துக்கு வந்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ராஜா பழையவன் என்பதால் கதையும் அவ்வளவு பழையது என்று சொல்லிவிட முடியாது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதை இதை வைத்து முடிவு செய்ய வழியில்லை.

அப்புறம் நம் கர்ணன் இருக்கிறானே! அவன் பெட்டிக்குக் கீல் இல்லை, மெழுகு. அசுவ நதியில் விட்டது சர்மண்வதி, யமுனை, கங்கை என்று மிதந்து சம்பாபுரியில் அதிரதன் கைக்கு வருகிறது. ரோமில், ஆற்றில் விடப்பட்ட ரோமுலஸ், ரீமஸ் இரட்டையர், அதில் ரோமுலஸ் பின்னால் ராஜாவானவன்; கிரேக்கத்தில் தாயோடு சேர்த்துப் பெட்டியில் அடைத்துக் கடலில் தள்ளப்பட்ட பெர்சியஸ். 1936இல் ராக்லன் பிரபு என்ற ஆங்கிலேயர் இப்படிப்பட்ட வீரர்களின் வாழ்க்கைக்கெல்லாம் பொதுவாக 22 அம்சங்கள் கொண்ட பட்டியலே போட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் அதில் மார்க்கும் உண்டு. எனக்கு அந்த விளையாட்டு சீக்கிரமே அலுத்துவிட்டது. முதல் அம்சம், வீரனின் தாய் அரச குலத்துக் கன்னி. பிள்ளையைப் பெற்றதோடு அவள் கதை முடிந்தது, பட்டியல் மகன் பின்னால் போய்விடுகிறது.

எனக்கென்னவோ அந்தத் தாய்க்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் இந்தக் கதைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன என்று தோன்றுகிறது. சார்கோனின் தாய் கூடையை ஆற்றில் விட்டதோடு மறைந்துவிடுகிறாள். தோட்டக்காரனாக வேலை பார்த்த பையன் மேல் இஷ்தார் தேவி காதல் கொண்டாள், அவன் ராஜாவானான், அவ்வளவுதான். சிம்மாசனத்துக்காகச் சொன்ன கதை, தாய்க்கு அங்கே வேலையில்லை. மூஸா கதையில் அப்படியில்லை. அக்கா கரையோரமாகவே பின்தொடர்கிறாள், பெற்றவளே பால் கொடுக்க வந்து சேர்கிறாள். பைபிளில் குழந்தையை எடுப்பது எகிப்து அரசனின் மகள், குர்ஆனில் அந்த அரசன் பிர்அவ்னின் மனைவி. குழந்தை வேறு எந்தச் செவிலியின் பாலையும் குடிக்கவில்லை என்பதும், தாயின் நெஞ்சம் வெறுமையாகிப் போனது என்பதும் குர்ஆனில் இருக்கிறது. நீதான் ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினாய்.

குந்தி வன பர்வத்தில் பெட்டியை விடும்போது, 'உனக்குத் தாகமெடுக்கையில் எவள் மார்பில் பால் குடிப்பாயோ, அவள் கொடுத்துவைத்தவள்' என்று புலம்புகிறாள். பிறகு பாண்டவர்களிடம் அத்தனை வருஷ மௌனம். போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் அவர்களிடம் 'அவன் உங்கள் அண்ணன்' என்று வாய் திறக்கிறாள். மூஸாவின் தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கிறான், இவளுக்குப் பிணம்தான். பிறப்பு தெரியவந்தும் கர்ணனுக்கு ராஜ்யம் கிடைக்கவில்லை. கிருஷ்ணன் கொடுக்க வந்தபோது அவனே வேண்டாமென்றுவிட்டான். ரோமுலஸ் வேண்டாமென்றிருப்பானா?

நம் பக்கம் குந்தியை ஆற்றங்கரையோடு விடவும் மனசு வரவில்லை போல. தமிழில் வழங்கும் பாரதத்தில் அவள் போர்க்களத்துக்கே ஓடிவந்து கர்ணனை மடியில் கிடத்தி அழுகிறாள். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைத்தார்கள். செய்யாறு பக்கம் சாவு வீட்டில் அதுதானே வழக்கம். வடமொழிப் பாரதத்தில் இல்லாத அவன் மனைவி பொன்னுருவி, கர்ணன் பிறப்பைக் குத்திக் காட்டிப் பேசுகிற இடத்தில், வந்திருந்த பெண்கள் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருந்தேன், மறுநாள் முழுக்க இடுப்பு வலி.

மருமகனிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டை போடாதே. அவனிடம் ஒன்று மட்டும் கேள்: அந்த வீடியோவில் சார்கோனின் அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? உம்மா மூஸா நபி கதையை எப்படிச் சொல்வார்கள் என்பதையும் கேட்டு எழுது. ஆனி வரைக்கும் இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து இருக்கும். கண் கட்டு பிரித்ததும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்பி வா.

அன்புடன்,
முருகேசன்