‘ஒரிஜினல் அஜ்ரக்’ என்று எழுதும் முன்: புடவை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடையிலும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் புடவை விற்கும் சகோதர சகோதரிகளுக்கு,

வணக்கம். மர அச்சால் கையாலேயே பதித்துச் சாயமேற்றும் அஜ்ரக் துணியில் வரும் புடவைக்குத் தமிழ்நாட்டில் இப்போது நல்ல கிராக்கி. சந்தோஷம். ஆனால் ஸ்கிரீன் பிரிண்டையும் டிஜிட்டல் பிரிண்டையும்கூட உங்களில் பலர் ‘ஒரிஜினல் அஜ்ரக், கை அச்சு’ என்றே விற்கிறீர்கள். அது வேதனையாக இருக்கிறது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் பரம்பரையாகச் சாயமும் அச்சும் போடும் கத்ரி குடும்பத்தார் அந்தத் துணிக்குப் படும் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். ஒட்டகச் சாணமும் ஆமணக்கெண்ணெயும் சோடா உப்பும் கலந்து ஊறவைத்து அலசுவதில் வேலை தொடங்குகிறது. அப்புறம் கடுக்காய்த் தண்ணீரில் முக்கினால் துணி மஞ்சளாகும். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளைச் சுண்ணாம்பும் கோந்தும் குழைத்து மர அச்சால் ஒற்றுகிறார்கள். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவிட்டு, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். நீலத்துக்கு அவுரித் தொட்டி. படிகாரம் ஒற்றிய இடமெல்லாம் மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் கொதிக்கும்போதுதான் சிவக்கும். நடுநடுவே அலசல், வெயில், மறுபடி அலசல். சில துணிகளில் இரண்டு பக்கமும் அச்சுப் பதிப்பார்கள்; இம்மி பிசகினாலும் தெரிந்துவிடும்.

தண்ணீர்தான் இந்தத் தொழிலின் உயிர். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த அச்சுக்காரர்கள் வாழ்ந்த தமட்கா கிராமத்துத் தண்ணீரில் இரும்பு கூடிச் சாயம் கெட்டது. பல குடும்பங்கள் புஜ் அருகே அஜ்ரக்பூர் என்று புது ஊரையே எழுப்பிக்கொண்டன.

கட்சின் மேய்ச்சல்கார முஸ்லிம் ஆண்களுக்கு அஜ்ரக்தான் தலைப்பாகை, தோள்துண்டு, லுங்கி. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், நாம் பொன்னாடை போர்த்துவதுபோல விருந்தினருக்கு அதைப் போர்த்துகிறார்கள். இறந்தவர் உடல்மீதும் அதையே போர்த்துவதுண்டு. மனித உருவம் இல்லாமல், நட்சத்திரமும் பூவும் கட்டங்களுக்குள் தொடர்ந்துகொண்டே போகும் அந்த வடிவம் இஸ்லாமியக் கலை மரபோடு சேர்ந்தது. அதை வெறும் டிசைன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கிரீன் பிரிண்ட் விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. கை அச்சு வாங்க எல்லோராலும் முடியாது, சரி. ‘அஜ்ரக் டிசைன், ஸ்கிரீன் பிரிண்ட்’ என்று பில்லில் எழுதுங்கள். 2024இல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கை அச்சு என்று சொல்லி விற்பவர்கள் எந்த ஊர்ச் சரக்கு, என்ன சாயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எங்களுக்கும் சொல்லுங்கள். போட்டோ போடும்போது துணியின் பின்பக்கத்தையும் காட்டுங்கள். வரும் தீபாவளிச் சரக்கு எடுக்கும்போதே தொடங்கலாமே.

அன்புடன்,
அஜ்ரக் உடுத்தும் ஒரு வாடிக்கையாளர்