உள்ளேயே ரூம் போடலாமா?

புதுச்சேரி
ஞாயிறு, மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று வீடியோ காலில் நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்றதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்த ஆள், ரூம் போடுவதற்கு என்ன யோசனை என்று நினைத்திருப்பார். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் அம்மா நடுவில் புகுந்து பேச்சைப் புளியோதரைக்குக் கொண்டுபோய்விடுவாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் போகும்போது டிஸ்னிக்காரனுடைய ஓட்டலிலேயே தங்குவதா, போன தடவை மாதிரி வெளியே தங்குவதா என்பதுதானே உன் கேள்வி. வெளியே ஆவதைப் போல உள்ளே ரெண்டு மடங்கு ஆகிறது என்றாய். ரெண்டு மடங்கு கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கு முன்னால் போன தடவை பட்டதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்.

அந்த ஓட்டல் பேர் வேண்டாம். "பார்க்கிலிருந்து 5 நிமிடம், இலவச ஷட்டில்" என்று போட்டிருந்தான். ஐந்து நிமிஷத்தில் வந்தது டிஸ்னி எல்லையில் இருக்கும் பலகைதான். ஷட்டில் நம்மை இறக்கிவிட்டது டிஸ்னியின் நாலு பார்க்கில் ஒன்றான மேஜிக் கிங்டம் கேட்டில் இல்லை, ஏரிக்கு இந்தக் கரையில். அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் கேட்டுக்குப் போனோம். மதியம் மூணு மணிக்குப் பிடித்ததே மழை, ஜூலை மாதத்து ஃபுளோரிடா மழை, நம் ஊர் ஐப்பசி தோற்றுப்போகும். திரும்பிப் போக ஷட்டில் ராத்திரிதான். உன் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பூச்சட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். குட்டி என் தோளில் தூங்கிவிட்டது. அதன் தலையில் மாட்டிய எலிக்காது பட்டை என் காதுக்குக் கீழே குத்திக்கொண்டே இருந்தது. எடுத்தால் முழித்துக்கொள்ளும் என்று எடுக்கவும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் போனில் டாக்சி தேடிக்கொண்டிருந்தீர்கள், அந்த மழையில் டாக்சிக்காரன் கேட்ட பணத்தைச் சொன்னால் உன் அம்மா இன்றைக்கும் திட்டுவாள்.

எனக்கு அந்த ஓட்டல்காரன் மேல் அவ்வளவாகக் கோபம் வரவில்லை. காரணம் இருக்கிறது. நம் லாட்ஜ் மறைமலை அடிகள் சாலையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். சென்னையிலிருந்து போன் வரும், "பீச் எவ்வளவு தூரம் சார்?" நான் சொல்வேன், "நடக்கிற தூரம்தான் சார்." ரெண்டு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். ஒரு தடவை ஒரு வயசான அம்மா பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மத்தியான வெயிலில் திரும்பி வந்து, கவுண்டரில் கையை ஊன்றிக் கேட்டாள். "நடக்கிற தூரம்னு சொன்னியே தம்பி, யாரு நடக்கிற தூரம்?" சோடா வாங்கிக் கொடுத்தேன். பதில் சொல்லவில்லை.

அந்த அம்மா கேட்டதைத்தான் இப்போது நீயும் கேட்க வேண்டும். நீங்கள் ரெண்டு பேர் மட்டும் போனால் வெளியே தங்குங்கள், காலையில் உள்ளே போனால் வாணவேடிக்கை பார்த்துவிட்டு ராத்திரி வந்து படுப்பீர்கள். கட்டிலுக்கு மட்டும் எதற்கு ரெண்டு மடங்கு? பீச் ரோட்டில் கடல் பார்த்த ரூம் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பகல் முழுக்க ஆரோவில், அரிக்கமேடு என்று சுற்றிவிட்டு இருட்டினபிறகு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவார்கள். ஆனால் நாம் போவது ஐந்து வயசுக் குழந்தையோடும் முட்டி வலிக்கிற ஆயாவோடும். இந்த ரெண்டு பேருக்கும் மதியம் ஒரு தூக்கம் வேண்டும். நம் ஊரில் கடைக்காரனே ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகிறான், இவர்கள் எப்படித் தாங்குவார்கள்? ஒரு மணிக்கு ரூமுக்கு வந்து, ரசம் சாதம் இல்லாவிட்டாலும் தயிர் சாதம் தின்று, படுத்து எழுந்து, அஞ்சு மணிக்குத் திரும்பப் போக முடிந்தால் அதற்குத்தான் கூடுதல் பணம். அது முடியாதென்றால் உள்ளே தங்கியும் புண்ணியமில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "உள்ளே" என்றால் பக்கம் என்று நினைத்துவிடாதே. டிஸ்னி வேர்ல்ட் இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். காரைக்கால், மாஹே, ஏனாமை விட்டுவிட்டுப் பார்த்தால் நம் புதுச்சேரி 293. அதாவது நம் ஊரில் மூன்றில் ஒரு பங்கு. மலிவான ஓட்டல்களில் சிலவற்றிலிருந்து எந்தப் பார்க்குக்கும் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

எதற்கு இவ்வளவு நிலம் வாங்கினான் என்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் பார்த்தேன், நம்ம தொழில் கதையாகவே இருக்கிறது. வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் முதல் பார்க்கைத் திறந்தபோது ஓட்டல் கட்டக் கையில் காசில்லை. ஜாக் ரேதர் என்று ஒரு டி.வி. தயாரிப்பாளர் அதே வருஷம் பக்கத்திலேயே டிஸ்னிலேண்ட் ஓட்டலைக் கட்டினார். பேர் டிஸ்னிலேண்ட், முதலாளி வேறு ஆள்! சுற்றிலும் மோட்டல்கள் முளைத்தன. கூட்டம் சேர்த்தது ஒருத்தர், வாடகை வாங்கினது ஊரார். அந்த ஓட்டல் டிஸ்னி கம்பெனியின் கைக்கு வந்தது 1988-இல்தான். ஃபுளோரிடாவில் அந்தத் தப்பைச் செய்யவில்லை. வேறு வேறு பேரில் கம்பெனி வைத்து, யாருக்கும் தெரியாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கிப் போட்டார்கள். டிஸ்னி 1966-இல் இறந்துபோனார். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி பார்க் திறந்த அன்றைக்கே கன்டெம்ப்ரரி, பாலினேசியன் என்று ரெண்டு ஓட்டலும் சேர்த்துத் திறந்தாகிவிட்டது. அப்போதிலிருந்து உள்ளே தங்குபவனுக்கு ஏதாவது ஒரு சலுகை காட்டி இழுப்பதுதான் வியாபாரம்.

இப்போதைய சலுகைகளில் நமக்கு உதவுவது எது என்று பார்த்தேன். காலையில் அரை மணி நேரம் முன்னால் உள்ளே விடுகிறார்கள், நாலு பார்க்கிலும், தினமும், எந்த ரக ஓட்டலாக இருந்தாலும். திருமலையில் மேலே ரூம் கிடைத்தவனுக்கும் விடியலில் கீழிருந்து பஸ் பிடித்து வருபவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த அரை மணியில் குட்டி ஆசைப்படும் ஏழு குள்ளர் ரயில் சவாரியில் ஏறிவிட்டால் பகலில் அதற்காகக் கால்கடுக்க நிற்க வேண்டாம். ஆனால் அரை மணியும் கேட்டில் நிற்பவனுக்குத்தான். அரை மணி முன்னதாகக் கேட்டில் நிற்க உன்னால் முடியும், குட்டியைக் கிளப்பிவிடலாம். உன் அம்மா குளித்துப் பூஜை முடித்து வர வேண்டுமே. அதை யோசித்துக்கொள்.

வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் பாஸ் எப்படியும் காசுதான். உள்ளே தங்குபவர்கள் 7 நாள் முன்பே பதியலாம், மற்றவர்களுக்கு 3 நாள். பார்க் வாசலில் காரை நிறுத்தும் கட்டணம் உள்ளே தங்குபவர்களுக்குக் கிடையாது. போன தடவை முதல் நாள் வாடகைக் காரில் போய் 30 டாலர் அழுதோமே, நாலு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பார். எனக்கு முக்கியமாகப் படுவது பஸ்தான். ஓட்டல் பஸ் மேஜிக் கிங்டம் கேட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. கார்க்காரனும் வெளி ஷட்டில்காரனும்தான் ஏரிக்கரை வழியாகச் சுற்ற வேண்டும்.

சரி, எந்த ஓட்டல்? மோனோரயில் ஓடும் பெரிய ஓட்டல்களை விட்டுவிடு. கன்டெம்ப்ரரி கட்டடத்துக்குள்ளேயே மோனோரயில் புகுந்து போகிறதாம், அதைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் பார்ப்பதற்கு அங்கே தங்க வேண்டியதில்லை. மலிவு ரகத்தில் பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில். ரெண்டுக்கும் நடுவே ரோப்கார் நிலையம், ஸ்கைலைனர் என்கிறார்கள். அது எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற ரெண்டு பார்க்குக்கும் போகிறது. மதியத் தூக்கத்துக்கு அதைவிட வசதி வேண்டாம். இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுவார்கள், அது ஒன்றுதான்.

பாப் செஞ்சுரியில் ஒரு ரூமில் நாலு பேர்தான். நாம் ஐந்து. ரெண்டு ரூம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் ஃபேமிலி சூட், ஆறு பேர் படுக்கலாம், ரெண்டு பாத்ரூம், மைக்ரோவேவ் உண்டு. ரெண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார். எனக்குக் கேட்டால் ரெண்டு ரூம். என் குறட்டை உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

எத்தனை ராத்திரி? மூணு போதும். ரூம் எடுக்கிற அன்றும் காலி செய்கிற அன்றும்கூட அந்த அரை மணிச் சலுகை உண்டு. ஆக மூணு ராத்திரிக் காசில் நாலு நாள். இதை லாட்ஜ்காரன் வாயிலிருந்து கேட்பது உனக்கு அதிசயமாக இருக்கும். மீதி ரெண்டு ராத்திரி பக்கத்து ஊரான கிசிமீ பக்கம் சமையலறை உள்ள வீடாகப் பிடி. மூணு நாள் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்ற வாய்க்கு உன் அம்மா ஒரு ரசம் வைத்துக்கொடுப்பாள். பார்க்குக்குள்ளே சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. போன தடவை செக்யூரிட்டிப் பெண் நம் புளியோதரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி நன்றாக அழுத்திக் கொடுத்தாளே, நினைவிருக்கிறதா?

அப்புறம், டிசம்பர் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம். டிசம்பர் 31 அன்று 1,200 ரூபாய் ரூமை நம் முதலாளி என்ன விலைக்கு விற்கச் சொல்வார் என்று உனக்கே தெரியும். அங்கேயும் அதே பண்டிகைக் கூட்டம், அதே விலை. பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் வருகிறோம். குட்டி நாலு நாள் கிண்டர்கார்டனுக்குப் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மாப்பிள்ளை அங்கேயே இருக்கும் வேறு கம்பெனிப் பார்க்கான யுனிவர்சலும் போகலாம் என்றார். அங்கே கணக்கு வேறு. போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் என்று மூணு ஓட்டலில் தங்கினால் வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் ரூம் வாடகையிலேயே அடக்கம், வருகிற நாளுக்கும் போகிற நாளுக்கும் சேர்த்து. அவருக்கு ரெண்டு நாள் போக ஆசையிருந்தால் ஒரே ஒரு ராத்திரி அங்கே போட்டுக்கொள்ளட்டும். அவர்கள் புதிதாகத் திறந்த எபிக் யுனிவர்ஸ் பார்க்கில் மட்டும் அந்தப் பாஸ் செல்லாது, ஏமாந்துவிட வேண்டாம் என்று சொல். நானும் அம்மாவும் அந்த ரெண்டு நாள் கிசிமீ வீட்டில் குட்டியோடு இருக்கிறோம்.

ரூம் பதிவதற்கு முன்னால் ரெண்டு விஷயம் விசாரித்து எழுது. ரூமில் இருக்கும் ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரம் வைக்க இடம் இருக்குமா என்று அம்மா கேட்கிறாள். அடுத்தது, குட்டியின் உயரத்தைச் சுவரோடு நிறுத்தி அளந்து அனுப்பு. ஏழு குள்ளர் ரயிலுக்கு 38 அங்குலம், அதில் பயமில்லை. ஸ்பேஸ் மவுண்டன் ரோலர்கோஸ்டருக்கு 44 வேண்டுமாம். ஒரு அங்குலம் குறைந்தாலும் இப்போதே சொல்லிவிடு, அதை ஆசைகாட்டி நான் போனில் பேசாமல் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா