வெண்கண்டலைக் காட்டப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் எட்டுப் பேரை எண்ணூர் கழிமுகத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றுச்சூழலைச் சொல்லிக்கொடுக்க இரண்டு மணி நேரம். அதற்குள் அலையாத்திக் காடு, பறவை, நண்டு, சாம்பல், எண்ணெய்க் கசிவு, பருவநிலை மாற்றம்! அவர்களை விடு, உங்கப்பாவுக்கே இத்தனையும் தலையில் நிற்காது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்: அலையாத்தி வகையான வெண்கண்டல் மரம். இலையில் உப்பு, சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாய் மூச்சு வேர். இரண்டும் கண்ணுக்குத் தெரியும். "சுற்றுச்சூழல்" என்ற சொல்லை அன்று வாயிலெடுக்காதே. அதைத் தொட்டுக் காட்ட முடியாது.

அவர்களுக்குக் காட்டும் அட்டைகளுக்குப் படங்களை இணையத்தில் எடுக்காதே. பிச்சாவரம் படத்தைப் பார்த்துவிட்டு எண்ணூருக்கு வந்தால் படகைத் தேடுவார்கள். முன்னாடியே போய், அவர்கள் நிற்கப்போகிற இடத்திலேயே நின்று எடு. அஞ்சலட்டை அளவு, ஓர் அட்டைக்கு ஒரு பொருள், கீழே ஐந்தாறு சொல்லில் ஒரே வாக்கியம், எழுத்து அளவு 18 புள்ளி (பாயின்ட்). கார்ட்டூன் வேண்டாம், வருகிறவர்கள் பெரியவர்கள். "குழந்தைகளா" என்றும் கூப்பிடாதே. அண்ணா, அக்கா, இல்லையென்றால் பேர். குப்பை போடுகிற படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடுவார்களே, அதுவும் வேண்டாம். சிலருக்குக் குறி மறந்துவிடும், குப்பை போடும் கைதான் நிற்கும்.

தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போ. ஏறிய தண்ணீரில் மூச்சு வேர் மூழ்கிவிடும். அட்டையில் பார்த்த வேர் அங்கே இல்லையென்றால் அப்புறம் நீ காட்டும் எதையும் நம்பமாட்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும். ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையே ஆறு மணி நேரம் போல. நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் பார்த்த நேரத்தை நம்பாதே. இலையில் உப்பு தெரிய வேண்டுமானால் பனி காய்ந்திருக்க வேண்டும். நக்கிப் பார்க்கச் சொல்லாதே, இந்த ஆற்றில் வேண்டவே வேண்டாம். விரலால் தடவட்டும், பிறகு கை கழுவட்டும். சேற்றில் யாரும் இறங்க வேண்டாம்.

சாம்பலைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் முதல் நாள், அறையில் சொல். இரண்டு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர். ஒன்றில் விறகுச் சாம்பல் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கு. பின்னால் டார்ச் அடித்துக் காட்டு. "கரண்டுக்கு நிலக்கரி எரிக்கிறார்கள். சாம்பல் வருகிறது. குழாயில் போகிறது. குழாய் ஒழுகினால் ஆற்றில் விழுகிறது." ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறுத்து.

கேள்வியில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். "புரிஞ்சுதா?" என்றால் "ஆமா" என்பார்கள், உன்னைச் சந்தோஷப்படுத்த. "இது வேரா, இலையா?" என்றால் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடும். வரிசையை மாற்றி இன்னொரு தடவை கேள். இல்லை, "வேரைக் காட்டுங்க" என்றே சொல். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு. அந்தப் பத்துக்குள் நீயோ கூட வந்தவரோ பதிலைச் சொல்லிக் கெடுக்காதீர்கள்.

நாலு துணையாளர் வேண்டும். யாருக்கு வலிப்பு உண்டு, மாத்திரை எத்தனை மணிக்கு என்று வீட்டில் எழுதி வாங்கு. சில மாத்திரைகள் வேர்வையைக் குறைத்துவிடும், அவர்களுக்கு வெயில் சீக்கிரம் ஏறும். கன்டெய்னர் லாரி ஹாரனுக்குக் காது மூடி எடுத்துப் போ. கழிப்பறை எங்கே என்று பார்த்து, அதற்கும் ஓர் அட்டை.

இன்னோர் அட்டை. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தது நினைவிருக்கும். நம் பக்கத்து ஆட்களுக்கு மரத்தைவிட இது முக்கியம் என்பேன். மூக்கு எரிந்தால்: துணியை நனை, மூக்கில் வை, துணையாளரோடு நட. மூன்று படம், மூன்று வரி. காற்றுக்குக் குறுக்கே கூட்டிப்போவது துணையாளர் வேலை, அதை அட்டையில் திணிக்காதே. ஒரு தடவை சொன்னால் போதாது, வாரம் ஒருமுறை நடந்து காட்டிப் பழக்கு.

முடிந்த அன்றே சோதிக்காதே. இரண்டு வாரம் கழித்து வெண்கண்டல், வேம்பு, புங்கன் இலைகளை மேசையில் வை, அவர்களே எடுக்கட்டும். அட்டைகளை லேமினேட் செய்யும்போது பளபளப்பில்லாத தாள் கேள், பளபளத்தால் வெயிலில் படம் தெரியாது. முன்னோட்டம் போகிற தேதியைச் சொல்.

அம்மா