பாடத்தெரிவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நீ பல்கலைக்கழகத்திலிருந்து கைபேசியில் அனுப்பிய பாடப் பட்டியலைப் பரமேஸ்வராச் சந்திக் கடையில் அச்செடுத்து மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இது பென்சிலும் கையுமாக இருந்து நீ இரண்டு மூன்று தடவை வாசிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

கணிதத்தை விட்டுவிட்டு இலகுவான பாடம் ஒன்றை எடுக்கும்படி சீனியர் அக்கா ஒருவர் சொன்னதாகச் சொன்னாய். அந்தப் பிள்ளை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் எடுக்கப்போகும் பட்டம் வேறு, நீ எடுக்கப்போவது வேறு. இரசாயனவியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் செய்ய வேண்டும் என்று உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்படியானால் பீடத்தின் கைநூலை நான்காம் ஆண்டிலிருந்து பின்பக்கமாகப் படித்துக்கொண்டு வா, பிள்ளை.

சிறப்புப் பட்டத்தின் பாடங்கள் உள்ள பக்கத்தை முதலில் எடு. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, எந்தப் பாடத்தில் முன்னரே சித்தியடைந்திருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நான்காம் ஆண்டுப் பாடம் மூன்றாம் ஆண்டுப் பாடத்தைக் கேட்கும், அது இரண்டாம் ஆண்டுப் பாடத்தைக் கேட்கும். அப்படியே கோடு போட்டு இழுத்துக்கொண்டு வந்தால் உன் முதலாம் ஆண்டில் வந்து நிற்கும். அந்தக் கோடு எந்தெந்தப் பாடங்களில் வந்து முட்டுகிறதோ அவை உனக்குக் கட்டாயம். மிச்சமிருக்கும் இடத்தில் இலகுவானதையோ விருப்பமானதையோ எடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கணிதம் அந்தக் கோட்டில் வரும் என்றே நான் நம்புகிறேன். பௌதிக இரசாயனத்தில் மேலே போகப் போக வகையிடலும் தொகையிடலும்தான். தாக்கவீதத்தை, அதாவது தாக்கம் நடக்கும் வேகத்தைப் பற்றிப் பேசினால் வகையீட்டுச் சமன்பாடு வரும். குவாண்டம் பகுதியைக் கணிதமில்லாமல் தொடவே முடியாது. இணைந்த கணிதத்தில் மல்லாடித்தான் திறமைச்சித்தி எடுத்தாய் என்பது எனக்குத் தெரியும். மல்லாடி எடுத்ததை இப்போது கைவிடாதே. எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் கூட்டாளிகள் எடுத்த பாடங்களையே தானும் எடுத்தான். கெட்டிக்காரன், புள்ளிகளும் இருந்தன. சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் முதலாம் ஆண்டுப் பாடம் ஒன்று இல்லை என்று தெரிந்தது. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப் பட்டத்துக்கு 90 திறமைப்புள்ளிகள் (கிரெடிட்) வேண்டும், சிறப்புப் பட்டத்துக்கு 120. ஆண்டுக்கு 30, ஒரு செமஸ்டருக்கு ஏறத்தாழ 15. ஒரு புள்ளி என்பது 50 மணித்தியால உழைப்பு. மூன்று புள்ளிப் பாடம் ஒன்றை எடுத்துப் பார். மொத்தம் 150 மணித்தியாலம், அதில் விரிவுரை 45 மட்டுமே. மீதி 105 மணித்தியாலமும் நீ நூலகத்திலும் விடுதி மேசையிலும் இருந்து படிக்க வேண்டியது. இங்கே ரியூசன் ஆசிரியர் அச்சடித்த குறிப்பைக் கையில் தந்தார், கடந்தகால வினாத்தாளையும் செய்து காட்டினார். அங்கே அந்த வேலை உன்னுடையது. பதினைந்து புள்ளிகளையும் பதினைந்து வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 50 மணித்தியாலம் வருகிறது. ஆர்வத்தில் மேலதிகப் பாடம் ஒன்றைச் சேர்க்க நினைத்தால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்.

தரப்புள்ளிச் சராசரியும் (GPA) அப்படித்தான். ஏ-க்கு 4, சி-க்கு 2 என்று கணக்கு. மூன்று புள்ளிப் பாடத்தில் சி எடுத்து ஒரு புள்ளிப் பாடத்தில் ஏ எடுத்தால் சராசரி 3 வராது, 2.5 தான் வரும். பெரிய பாடம்தான் தராசை இழுக்கும். முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 என்பது பொதுவான வழக்கம். முதலாம் ஆண்டுப் பெறுபேறு வகுப்புக் கணக்கில் சேருமா என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும், உங்கள் கைநூலில் பார். சேராவிட்டாலும் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது அதைப் பார்ப்பார்கள் என்றே வைத்துக்கொள். ஒரு பாடத்தில் தவறி மறுமுறை எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் கொடுக்காத பீடங்களே அதிகம். பரீட்சை நேரத்தில் காய்ச்சல் வந்தால் வீம்புக்குப் போய் எழுதாதே. முறைப்படி மருத்துவச் சான்றிதழ் எடுத்து, குறித்த நாளுக்குள் கொடு. அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும். வரவும் 80 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஊருக்கு வரும் ஆசையில் வெள்ளிக்கிழமைச் செய்முறை வகுப்பை விட்டுவிட்டு பஸ் ஏறாதே. அம்மாவும் இதையே சொல்லச் சொன்னார்.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் என்று நீ அழுததை அம்மா சொன்னார். சமநிலை மாறிலியும் தாக்கவீதமும் உனக்குத் தமிழில் நன்றாகத் தெரியும் பிள்ளை, தெரியாதது அவற்றின் ஆங்கிலப் பெயர் மட்டும். விரிவுரைக்கு முதல் நாள் இரவு அந்த அத்தியாயத்தின் சொற்களை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போ. சில வாரங்களில் காது பழகிவிடும். ஆங்கிலப் பாடம் சராசரியில் சேராது என்று யாராவது சொன்னால் அதை நம்பி வகுப்புக்குப் போகாமல் இராதே. சராசரியில் சேராத பாடத்திலும் சித்தியடையாவிட்டால் பட்டம் கிடைக்காத இடங்கள் உண்டு.

நீ போட்ட கோடுகளோடு அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதையே மாணவ ஆலோசகரிடமும் கொண்டுபோய்க் காட்டு. கூச்சப்படாதே, அவர் அதற்காகத்தான் இருக்கிறார். இரசாயனவியல் துறைக்கு நேரே போய், சிறப்புப் பட்டத்துக்கு எத்தனை பேரை எடுப்பார்கள், எந்தப் பாடங்களின் பெறுபேற்றைப் பார்ப்பார்கள் என்று கேள். அதன் பிறகு படிவத்தில் கையெழுத்திடு. பாடங்களை மாற்றுவதற்கு எந்த நாள் வரை இடம் தருவார்கள் என்பதையும் கேட்டுக் குறித்து வை.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அடுத்த வாரம் கண்டி பஸ்ஸில் வருகின்றன.

அன்புடன்,
அப்பா