விமானம் ஏறும்வரை ஆகும் செலவுக்கு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

திருச்சிப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து ஆறு குடும்பங்கள், 25 பேர், கனடா போகக் காத்திருக்கிறார்கள். அங்கே அவர்களைப் பொறுப்பேற்றிருப்பவர்கள் தனியார் ஸ்பான்சர்கள். 1979 முதல் அந்த நாட்டில் நடந்துவரும் ஏற்பாடு இது. இறங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வாடகை, சாப்பாடு, துணிமணி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்கள் பாடு. அதற்காக உங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது அதற்கு முந்திய காலத்துக்கு. விண்ணப்பம் போட்டு விசா வர வருடங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில் ஆகும் செலவு ஸ்பான்சர் கணக்கிலும் இல்லை, அரசு கணக்கிலும் இல்லை. பெரும்பாலும் காரியம் கெட்டுப்போவதும் அங்கேதான்.

முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவருக்கு 1,000, சிறுவருக்கு 500 என்று அரசின் பணக்கொடை வருகிறது. புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,500. அதே நாலு பேர் ஒருமுறை சென்னை போய் ஓர் இரவு தங்கித் திரும்ப, ரயில், அறை, சாப்பாடு, ஆட்டோ என்று 5,300 ரூபாய் பக்கம் ஆகிவிடுகிறது. கைரேகை பதிய ஒருமுறை, மருத்துவப் பரிசோதனைக்கு ஒருமுறை, பத்திரம், நேர்காணல் என்று இன்னொருமுறை. ஆண்கள் பலர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். போகாத நாளுக்குக் கூலி கிடையாது. வெளியூரில் தங்கப் போகுமுன் முகாமில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதை மறந்தால், அன்றைக்கென்று முகாமில் ஆள் கணக்கெடுப்பு வந்து பணக்கொடையும் நின்றுபோகும்.

அடுத்தது பெயர். இதைத்தான் எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, முகாம் பதிவில் இன்னொன்று, ஆதாரில் இனிஷியலோடு, பள்ளி டி.சி.யில் இனிஷியல் இடம் மாறி. கனடாப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போடுவதென்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி யோசித்துப் போட வேண்டும். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று போட்டால், இருவரும் உடன்பிறந்தவர்களா என்ற கேள்விக் கடிதம் வரும். பதில் போய்ச் சேரும்வரை கோப்பு அப்படியே கிடக்கும். பிறப்பு, திருமணப் பத்திரங்களின் பிரதியை இலங்கையிலிருந்து வரவழைத்து, மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கி முடிக்கக் குடும்பத்துக்கு 9,000 ரூபாய் வைத்திருக்கிறோம். மூன்று குடும்பங்களுக்கு இந்த வேலை பாதியில் நிற்கிறது.

மருத்துவப் பரிசோதனையைக் கனடா அரசு நியமித்த மருத்துவரிடம்தான் செய்ய முடியும். பரிசோதனைக் கட்டணம் அகதிகளுக்கு அந்த அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டத்தில் அடங்கிவிடுகிறது. போய்வரும் செலவு அடங்காது. 11 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. அதில் சந்தேகம் வந்தால் சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்லவே எட்டு வாரம் ஆகும். காசநோய் உறுதியானால் குறைந்தது ஆறு மாத மருந்து. பரிசோதனையின் ஆயுள் பன்னிரண்டு மாதம்தான். ஒருவர் மருந்தை முடிப்பதற்குள் மற்றவர்களுடைய பரிசோதனை காலாவதியாகி, குடும்பமே மறுபடி சென்னை போக நேரலாம். அதனால் இருமல், எடை குறைவு உள்ளவர்களை முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்கிறோம். அங்கே சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சர்க்கரை, இதய நோய், டயாலிசிஸ் இருப்பதைச் சொன்னால் விசா கிடைக்காது என்று ஒரு பயம் முகாமில் ஓடுகிறது. அது தப்பு. சிகிச்சைச் செலவு அதிகம் என்ற காரணத்துக்காக மறுக்கும் விதி அகதிகளுக்குப் பொருந்தாது. மறைத்துப் போய் இறங்கியபின் மருந்து கைவசம் இல்லாமல் தவிப்பதுதான் மிச்சம்.

பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு விதிகள் முக்கியம். பொதுவாக 22 வயதுக்குக் கீழே, கல்யாணமாகாத பிள்ளைதான் குடும்பத்தோடு சேர்த்தி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதியோடு வயது நின்றுவிடும். பிறகு 23 ஆனாலும் கவலையில்லை. ஆனால் கல்யாணத்துக்கு அப்படி விலக்கு இல்லை. காத்திருக்கும் காலத்தில் பெண்ணுக்கு வரன் வந்துவிட்டதே என்று முடித்து வைத்தால், அந்தப் பெண் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவாள். இரண்டாவது: கூட வராத மனைவி, கணவர், பிள்ளை யாராயிருந்தாலும் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். எழுதியிருந்தால், முதலில் போனவர் இறங்கிய ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்து அவர்களை அழைத்துக்கொள்ளலாம். எழுதாமல் விட்டவரைப் பின்னால் ஸ்பான்சர் செய்வதும் சிக்கலாகிவிடும். குழந்தை பிறந்தால் உடனே தெரிவித்துச் சேர்க்க வேண்டும்.

கோப்பு முடிந்தால் பயணத்தைச் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு ஏற்பாடு செய்யும். டிக்கெட் பணத்தைக் கனடா அரசு கடனாகத் தரும்; 2018 முதல் வட்டி இல்லை. இங்கிருந்து வெளியேறும் அனுமதி தனி வேலை. காவல் நிலையத்தில் பழைய வழக்கு ஏதாவது கிடந்தால் அதை முடித்த உத்தரவு நகல் இல்லாமல் நகராது.

தொகைக்கு வருகிறோம். நாலு பேர் குடும்பத்துக்குச் சென்னைப் பயணங்கள் 16,000, இழந்த கூலி 6,000, பத்திரங்கள் 9,000, பல், கண்ணாடி வேலை 10,000, பெட்டிகளும் விமான நிலையம் வரை வேனும் 9,000, மறுபரிசோதனை வந்தால் என்று கைவசம் 5,000. ஆக 55,000. ஆறு குடும்பத்துக்கு 3,30,000. பல்லும் கண்ணாடியும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊரில் இரண்டும் விலை அதிகம். இங்கேயே முடித்துவிட்டுப் போவது சிக்கனம். தமிழ் வழியில் படித்த பெரியவர்களுக்கு ஆறு மாதம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, ஆசிரியருக்கு மாதம் 8,000 வீதம் 48,000. வண்டியில் வழி கேட்பது, டாக்டரிடம் வலியைச் சொல்வது, தொலைபேசியில் அந்நாட்டு அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டு முகவரி சொல்வது, இவ்வளவுதான் பாடம். மொத்தம் 3,78,000 ரூபாய்.

தை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறிய பிறகு தந்தால் போதும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்கள் நெல்லாகவே தர விரும்பினால் 40 கிலோ மூட்டையாகக் கட்டி வைத்துச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: எங்களிடம் வெளிநாட்டு நிதி பெறும் பதிவு இல்லை. இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரிடம் நாங்கள் வாங்க முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புதுக் குடும்பங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யாரும் பணம் தர வேண்டாம். ஐந்து பேர் கூடி ஸ்பான்சர் செய்யும் புதிய விண்ணப்பங்களைக் கனடா 2024 நவம்பர் 29 முதல் நிறுத்தி வைத்தது. நாங்கள் பார்ப்பது அதற்கு முன்பே உள்ளே போன கோப்புகளை மட்டும். அகதி விண்ணப்பத்துக்குக் கனடா அரசு கட்டணம் வாங்குவதில்லை, கைரேகைக்கும் இல்லை. எங்கள் பெயரைச் சொல்லி விசாக் கட்டணம் என்று எவராவது வசூலித்தால் அவர் எங்கள் ஆள் இல்லை.

துணி கொடுக்க நினைப்பவர்கள் ஸ்வெட்டர், கம்பளி தர வேண்டாம். இங்கே கிடைக்கும் ஸ்வெட்டர் மைனஸ் இருபது டிகிரிக்குக் காணாது. பெட்டியின் எடையைத்தான் தின்னும். குளிர்கோட்டை அங்கே ஸ்பான்சர் வாங்கித் தருவார். நல்ல சக்கரம் வைத்த பெட்டி, பிள்ளைகளுக்குப் பருத்தி உள்ளாடை, தமிழ்–ஆங்கில அகராதி தரலாம்.

ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு குழு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஏதாவது ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அவர்கள் பங்கில் மீந்தது பட்டியலில் உள்ள மற்ற குடும்பங்களுக்குப் போகும். அதையும் அதே பலகையில் எழுதுவோம்.

இப்படிக்கு,
குழுவினர்