நோ டியூஸ் படிவத்தில் ஒரு கையெழுத்து

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் பிளேஸ்மெண்ட் அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். 2024-இல் உங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்த மாணவனின் அக்கா எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போன வாரம் உங்கள் அறை வாசலில் இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியவன் என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஐடி கம்பெனி வேலை ஆஃபரை ஏற்றுக்கொண்டு, கடைசியில் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தவன் அவன்தான். அதற்காக அவனுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களையும் பட்டச் சான்றிதழையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் லைப்ரரி, லேப், கல்லூரி பஸ், அலுவலகம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. வேலைவாய்ப்பைப் பார்க்கும் பிளேஸ்மெண்ட் செல் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அந்த ஒரு கையெழுத்தைப் போட்டு அவனுடைய சான்றிதழ்களைக் கொடுத்துவிடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கொடுத்த வார்த்தையை மீறினான் என்று நீங்கள் வருத்தப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் அந்தக் கம்பெனியை எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் உங்கள் கல்லூரிக்கு வரவழைக்க நீங்கள் எவ்வளவு அலைந்தீர்கள் என்று தம்பியே சொல்லியிருக்கிறான். ஆப்டிட்யூட் வகுப்பை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடத்தினீர்கள். அவன் தேர்வான அன்று அம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். வருடத்துக்கு 3.6 லட்சம் சம்பளம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்காத தொகை. அதற்கு நாங்கள் உங்களுக்கு நன்றி சொன்னோம், இன்றும் சொல்கிறோம்.

அப்புறம் நடந்ததையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஒரு மாணவனுக்கு ஒரு ஆஃபர் என்பது உங்கள் விதி. 2024 ஜனவரியில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று உங்கள் கல்லூரிக்கு வந்தது. நான்கு வருடம் அவன் ஆசையாகப் படித்த பாடத்துக்கான வேலை. அவன் பெயர் வேலை கிடைத்தவர்களின் 'பிளேஸ்டு' பட்டியலில் இருந்ததால் செமினார் ஹாலுக்குள்ளேயே விடவில்லை. சரி, எல்லாருக்கும் வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி, ஏற்றுக்கொண்டோம். ஆனால் அன்றைக்கு அவன் ஒரு வாய்ப்பை இழந்தான். அந்த ஆஃபருக்கான விலையில் பாதியை அன்றே கொடுத்துவிட்டான்.

மே மாதம் தேர்வு முடிந்தது. ஐடி கம்பெனியில் ஆகஸ்டில் சேரலாம் என்றார்கள். ஆகஸ்ட் போய் நவம்பர் என்றார்கள். நவம்பர் போனபின் தேதியே சொல்லவில்லை. 'பிசினஸ் தேவையைப் பொறுத்துத் தெரிவிக்கப்படும்' என்று ஒரே மாதிரி மெயில்கள் வந்தன. அவர்கள் அனுப்பிய ஆன்லைன் பயிற்சிகளை மூன்று மாதத்தில் முடித்துவிட்டு, அப்பாவோடு தறிக்குப் போனான். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கொட்டகைக்குள் நீங்கள் நின்றிருக்கிறீர்களோ தெரியாது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, போன் அடிப்பது எங்கே கேட்கும்? வைப்ரேட்டில் போட்டு லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு நிற்பான். அது அதிர்ந்தால் வேலையைப் பாதியில் அப்பாவிடம் விட்டுவிட்டு வெளியே ஓடுவான். பெரும்பாலும் ரீசார்ஜ் விளம்பரமாக இருக்கும். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி வாசலில் நின்று மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி செருகிக்கொண்டு உள்ளே போவான். இப்படிப் பதிமூன்று மாதம். தெருவில் கேசரி சாப்பிட்ட ஒவ்வொருவரும் "எப்பப்பா ஜாயினிங்?" என்று கேட்டார்கள். கடைசியில் கோயில் கொடைக்குக்கூட அவன் வெளியே வரவில்லை.

இதற்குள் கல்விக்கடன் வந்து நின்றது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைதான் தவணை கட்டாமல் இருக்கலாம் என்பது வங்கிக் கணக்கு. கம்பெனி தேதி கொடுத்ததா இல்லையா என்று வங்கி கேட்பதில்லை. இத்தனை வருட வட்டியும் சேர்ந்து 4 லட்சத்தைத் தாண்டிய கடனுக்கு, 2025 ஜூன் முதல் மாதம் 5,500 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. முதல் தவணையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு அன்று இரவு தம்பி சாப்பிடவில்லை.

அந்த மாதம்தான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் மோட்டார் நிறுவனம் அவனை டிரெயினியாக எடுத்தது. வேலைக்கு வருகிறேன் என்று ஜூன் 16-ஆம் தேதி ஒப்புக்கொண்டான். 25-ஆம் தேதி ஐடி கம்பெனியிலிருந்து மெயில் வந்தது: ஜூலை 14 அன்று புனேயில் சேர வேண்டும், பயிற்சியில் தேறினால்தான் வேலை உறுதி. மறுநாளே வர இயலாது என்று காரணத்தோடு எழுதி, உங்களுக்கும் அதன் நகல் அனுப்பினான். சேர வேண்டிய நாளுக்குப் பதினெட்டு நாள் முன்பே சொல்லிவிட்டான். போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகவில்லை. பதிமூன்று மாதம் காத்திருந்தவன் இதைவிட ஒழுங்காக எப்படி விலகியிருக்க முடியும்?

அந்த ஆஃபர் கடிதத்தை நான் வரிவரியாகப் படித்தேன். சேரும் தேதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், காரணம் சொல்லாமல் ஆஃபரையே திரும்பப் பெறலாம் என்று கம்பெனி தனக்கு உரிமை எழுதி வைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவின் பெரிய நிறுவனம் ஒன்று, 6.5 லட்சம் என்று சொல்லி எடுத்து வைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி. அந்த நிறுவனத்திடம் எந்தக் கல்லூரி அபராதம் கேட்டது?

ஆனால் எங்களிடம் கேட்கிறீர்கள். 25,000 ரூபாய். பையன் வேலையில் சேராவிட்டால் கட்டுவதாக அப்பா 20 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழி கொடுத்திருக்கிறாராம். கொடுத்தார்தான். அதில் இருந்தது முழுக்க ஆங்கிலம். எங்கே கையெழுத்து என்று விரலை வைத்துக் காட்டினார்கள், போட்டார். பையனுக்கு வேலை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பார். பதினைந்து வருடமாகத் தறியில் நிற்கும் மனிதரின் அந்தச் சந்தோஷத்தின் மேல் இந்தப் பணத்தைக் கேட்பது எனக்குத் தாங்கவில்லை.

போனில் பேசியபோது 2025 மே மாதம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னீர்களாம். விஜயா வங்கி வழக்கு. அதையும் படித்தேன். அதில் வந்த வங்கி அதிகாரி வேலையில் சேர்ந்து, மூன்று வருடம் முடியும் முன் விலகியவர். ஒப்பந்தப்படி வங்கிக்கு 2 லட்சம் கட்டியது செல்லும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. என் தம்பி சேரவே இல்லை. அந்த ஆன்லைன் பயிற்சிகளைத் தவிர அவனுக்குக் கம்பெனி எந்தப் பயிற்சியும் கொடுத்துச் செலவழிக்கவில்லை. உங்களுக்கும் அவனுக்கும் நடுவே முதலாளி, தொழிலாளி உறவும் கிடையாது. நட்டம் என்று ஒன்று இருந்தால் அது எவ்வளவு என்று காட்டிக் கேட்பதற்கு வழி இருக்கிறது. அதற்காகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடகுபோல் வைத்துக்கொள்ள எந்தச் சட்டத்தில் இடம்? மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யும் எச்சரித்திருக்கிறது. பள்ளிச் சான்றிதழ்கள், கல்லூரியில் சேரும்போது சரிபார்க்க என்று வாங்கிய தாள்கள். பிறகு ஒருமுறை கேட்டதற்கு, "ஜாயினிங் சமயத்தில் வாங்கிக்கொள்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கொடுத்துவிடுங்கள்.

ஜூனியர்கள் பாதிக்கப்படுவார்கள், இனி அந்தக் கம்பெனி வராது என்கிறீர்கள். அவன் மனதை அதிகம் குத்தியது இதுதான். தனக்குப் பின்னால் வருகிறவர்களின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று என்னிடம் நாலு முறை கேட்டான். 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. அந்த வருடம் எத்தனையோ கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் வரவே இல்லை. மாணவர்கள் ஆஃபரை மறுத்ததாலா வரவில்லை? வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் வர மாட்டார்கள், கூடினால் வருவார்கள். இதில் ஒரு பையன் தலையில் ஜூனியர்கள் எல்லாருடைய பாரத்தையும் ஏற்றாதீர்கள்.

கோவில்பட்டி போகும் வழியில் உங்கள் கல்லூரி அட்மிஷன் ஃப்ளெக்ஸ் இன்னும் நிற்கிறது. நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று போட்டு, வரிசையாகப் பிள்ளைகள் முகம். மேல் வரிசையில் மூன்றாவதாக என் தம்பி. பதிமூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தபோதும் அந்தப் படம் அங்கேயேதான் இருந்தது. அதைப் பார்த்து நம்பி இந்த வருடமும் யாரோ ஒரு தறிக்காரர் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியிருப்பார். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் சேர்ந்தார்கள் என்றும் ஒரு ஃப்ளெக்ஸ் வையுங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களைச் சண்டைக்கு இழுப்பது என் நோக்கமில்லை. நானும் ஆசிரியைதான். மாணவன் மேல் வரும் வருத்தம் என்னவென்று எனக்கும் தெரியும்.

கோயம்புத்தூர் நிறுவனம் ஜூலை 7-ஆம் தேதி அவனைச் சேர்த்துக்கொண்டு, அசல் சான்றிதழ்களைக் காட்ட ஆகஸ்ட் 30 வரை நேரம் கொடுத்திருக்கிறது. ஒருமுறை கேட்டு நீட்டித்தாயிற்று, இனி கேட்க முடியாது. வருகிற திங்கட்கிழமை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கிளம்பி, காலை பத்து மணிக்கு உங்கள் அலுவலகத்தில் இருப்பான். கூட நானும் வருகிறேன். நோ டியூஸ் படிவம் அவன் கையில் இருக்கும். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ்களைக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவனின் அக்கா,
சங்கரன்கோவில்.