குருதி அமுக்கம்: படுத்தபடி ஓர் அளவு, நின்றபடி ஓர் அளவு

மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகின்றேன். சென்ற மாரிக்கு முன் என் தாயாருக்குப் பாரிசவாதம் வந்தபோது, குருதி அமுக்கம் ஏறியிருப்பதைக் கண்ட நாங்கள், அயல்வீட்டாரின் பிரஷர் குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டே வாகனம் தேடினோம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் தள்ளும் குருதியில் ஏறக்குறைய 15 சதவீதத்தைப் பெறுகிறது. நாடிகளில் ஓடும் குருதியின் சராசரி அமுக்கம் ஏறத்தாழ 60 முதல் 150 மில்லிமீற்றர் இரசம் வரை ஏறி இறங்கினாலும், புன்னாடிகள் எனும் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் அந்த ஓட்டத்தைப் பெரிதும் மாறாமல் அது காத்துக்கொள்கிறது. நெடுநாள் உயர் அமுக்கம் உள்ளவர்களில் இந்த எல்லைகள் மேல்நோக்கி நகர்ந்திருக்கும். நாடி அடைபட்ட இடத்தைச் சுற்றியோ இந்தக் கட்டுப்பாடே தளர்ந்துபோவதால், குளத்து மட்டம் இறங்கினால் வற்றிவிடும் மதகில்லா வாய்க்காலைப் போல, அமுக்கம் விழுந்தவுடன் குருதியோட்டமும் விழுந்து, பிழைக்கக்கூடிய இழையங்களும் இறக்கின்றன. அதனால்தான், குருதிக்கட்டி கரைக்கும் ஊசி ஏற்றப்படாத, நாடி அடைபடும் வகைப் பாரிசவாதத்தில், வேறு அவசரக் காரணம் இல்லாதவிடத்து, 220/120க்கு மேற்படாத அமுக்கத்தை முதல் நாட்களில் விரைந்து இறக்குவதில்லை. குருதிக்கசிவு வகைக்கு விதி வேறு. ஸ்கேன் இன்றி எது எதுவென்று வீட்டார் அறிய வழியில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுத் தளர்ச்சி வாரக்கணக்கில் நீடிக்கலாம் என்பதை நாங்கள் பிந்தியே அறிந்தோம். வீடு திரும்பிய அம்மா, கிணற்றடியில் குந்தியிருந்து எழும்பும்போது தலைசுற்றி விழுந்தார். அவரது கிளினிக் கொப்பியில் இருந்த அளவுகள் எல்லாம் கதிரையில் இருத்தி எடுத்தவை; எழும்பும்போது அமுக்கம் விழுகிறதா என்பதை அவை காட்டவில்லை. விழுந்த பயத்தில் நடைப்பயிற்சியையும் விட்டுவிட்டார். மீட்சியோ திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால்தான் வருகிறது.

ஆகவே, பாரிசவாதத்திலிருந்து மீளும், எழுந்து நிற்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் படுத்தபடி ஓர் அளவும், நின்று 3 நிமிடத்துக்குள் இன்னோர் அளவும் எடுக்கப் பணிக்குமாறு வேண்டுகின்றேன். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், குளிசைகளை வைத்தியர் மீள்பார்வையிட வேண்டும். "வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் குளிசை கொடுக்காதீர்கள், 1990 அம்புலன்ஸை அழையுங்கள்" என்ற அறிவித்தலும் வாகரை முதல் வெல்லாவெளி வரை ஒட்டப்படட்டும். ஏனெனில், குருதிக்கட்டி கரைக்கும் ஊசிக்கான நேரம் நோய் தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணித்தியாலமே.

இரண்டு அளவு எடுக்கப் புதிய கருவி தேவையில்லை. கட்டிலும் அமுக்கமானியும் கிளினிக்கில் உள்ளன. எழும்பும்போது தாங்கிப் பிடிக்கக் கூட வந்த நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகள்